உன் அப்பா முடிக்காத ஒரே வழக்கு

மகனே,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மாமா மகள் கமலத்தைக் கட்டிக்கொள்ள உனக்கு முழுச் சம்மதம் என்றும், தை மாதம் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வருவதாகவும் எழுதியிருந்தாய். கல்யாணத்தன்று வாசிக்கிற வாழ்த்து மடலில் சேர்ப்பதற்கு அப்பாவைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தாய். எந்த ஊரில் பிறந்தார், எப்படிப் போலீஸில் சேர்ந்தார், என்னென்ன பெரிய வழக்குகளைத் துப்பறிந்தார் என்று. நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். அந்த நாலு வரிக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை மணவறையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசிவரை படி. பாதியில் உனக்கு என்மேல் கோபம் வரும். வந்தாலும் படி.

உன் அப்பா நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி மலாக்காவுக்கு வந்தவர். முதலில் அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவருக்கு உதவியாளாக இருந்தார். தமிழ், தெலுங்கு, மலாய் மூன்றும் பேச அங்கேதான் பழகினார். மலேரியா காய்ச்சலில் கிடப்பவர்கள் பிதற்றுவதைக் கேட்டுக் கேட்டுத்தான், மனிதர்கள் நல்ல புத்தியில் இருக்கும்போது எதையெல்லாம் மறைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டாராம். அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு திருட்டை அவரே கண்டுபிடித்துக் கொடுத்ததைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவரைப் போலீஸில் சேர்த்தார். ஆறு வருஷம் காக்கிச் சட்டை. அதற்குப் பிறகு ஜாசினில் வேட்டி சட்டையோடு துப்பறியும் வேலை. தோட்டத்து ஆட்கள் போலீஸ்காரரை மாத்தா என்பார்கள் அல்லவா, இவரைக் ‘காக்கி போடாத மாத்தா’ என்பார்கள். பயந்து சொன்ன பெயர் அல்ல அது. வாழ்த்து மடலில் போட ஆசையிருந்தால் அதையே போடு.

அவர் எப்படி வேலை செய்தார் என்று உனக்கு நேரில் தெரியாது. ஒன்று சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைக்கூடம் தீப்பிடித்து, காவலுக்கு இருந்த கிழவர் கருகிச் செத்துப்போனார். முந்தின வாரம் கங்காணியிடம் அடி வாங்கிய சடையன் என்கிற பால்வெட்டுக்காரன்தான் கொளுத்தினான் என்று தோட்டமே சொல்லிற்று. அவன் வாயே திறக்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் அடித்துத் திறந்திருப்பார்கள். அப்பா லாக்கப்புக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு இரண்டு பகல் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தார். சுருட்டு கொடுத்தார், சோறு வாங்கிக் கொடுத்தார், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவனே, “அய்யா, அன்னிக்கு நான் அந்தப் பக்கமே போவல. எங்க இருந்தேன்னு சொன்னா ஒரு பொம்பள மானம் போயிரும். அதுக்கு என்னைத் தூக்குல போட்டாலும் பரவாயில்ல” என்றான். அந்தப் பெண் யாரென்று அப்பா யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும்தான். புகைக்கூடத்துக்குப் போய், அடுப்புக்குழியில் ஷீட்டுகள் உருகிக் கிடந்த விதத்தைக் காட்டி, மேலேயிருந்து கழன்று விழுந்ததுதான் பற்றிக்கொண்டது என்று தோட்டத்துத் துரையை ஒப்புக்கொள்ள வைத்தார். சடையன் உயிரோடு திரும்பினான். அந்தக் கதை கூலிகள் குடியிருக்கிற லயம் லயமாகப் பரவிற்று. எந்தப் பக்கமும் சாயாத மனிதர் ஜாசினில் ஒருவர் இருக்கிறார் என்று கூலி ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் ஒருத்தி நம் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

உன் மாமாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் அம்மா செத்தபோது எனக்குப் பதினொன்று, அவனுக்கு நான்கு. மலாக்காவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைச் சாயங்காலம் அவனை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். அவன் இங்கிலீஷ் எழுதப் படித்து, செர்காமுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் கிராணி வேலைக்குப் போனபோது ஊருக்கே சர்க்கரை வழங்கினேன். கிராணி என்றால் தோட்டத்தில் துரைக்கு அடுத்த ராஜா என்று உனக்கே தெரியும். யாருக்கு வேலை, யாருக்கு வேலையில்லை, யார் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்பதெல்லாம் அவன் பேனாவில்தான் இருந்தது. அதை நான் பெருமையாகத்தான் நினைத்தேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். போலீஸ் குவார்ட்டர்ஸில் நான் மிளகாய் காயவைத்துக் கொண்டிருந்தேன். உச்சி வெயில். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கால் முழுக்கச் செம்மண். தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

“மாத்தா அய்யா வூடு இதுதானுங்களா?”

“இதுதான். அவரு வெளிய போயிருக்காரு. என்ன விஷயம்?”

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். சொம்பை வாங்க நீட்டிய இடது கையில் தேள் பச்சை குத்தியிருந்தது. குடித்துவிட்டுச் சொன்னாள். பெயர் பாவாயி. சேலத்துப் பக்கம். புருஷன் காய்ச்சலில் போய் ஒரு வருஷம். தோட்டத்துக் கிராணி அவளை வீட்டு வேலைக்கென்று கூப்பிட்டிருக்கிறான். அவன் பெண்டாட்டி ஊருக்குப் போயிருந்த சமயம். இப்போது வயிற்றில் மூன்று மாதம். ஏதோ மருந்தைக் கொண்டுவந்து குடி என்கிறான், குடிக்காவிட்டால் கொன்றுவிடுவேன் என்கிறான்.

“அவரு மேல கேஸு கீஸு ஒண்ணும் வேண்டாமுங்க. நான் வேற தோட்டத்துக்குப் போறேன். அதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொன்னா போதும். அய்யா சொன்னா குடுப்பாருங்க.”

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னாள். என் தம்பி இருந்த தோட்டம். அங்கே இருந்தது ஒரே கிராணி.

மகனே, அவள் சொன்னது பொய் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியிருந்தால்கூட எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். பொய் என்று தோன்றவில்லை. உண்மை என்று தெரிந்துதான் எனக்கு ஆத்திரம் வந்தது, அவள்மேல். நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் பெயரைக் கெடுக்க வந்துவிட்டாளே என்று. என் புருஷன் காதில் இது விழுந்தால் மச்சினன் என்று பார்க்கமாட்டார் என்றும் தெரியும். “அய்யா வர ரெண்டு நாளாகும். அப்புறம் வா” என்றேன். அவர் அன்று சாயங்காலமே வருவார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் உள்ளே போய்த் தாளை எடுத்து, “பாவாயி என்று ஒருத்தி இங்கே வந்து உன் பெயரைச் சொல்கிறாள். உன் மச்சான் காதுக்குப் போகுமுன் பார்த்துக்கொள்” என்று எழுதி, அந்தப் பக்கம் போகிற மாட்டுவண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். பார்த்துக்கொள் என்றுதான் எழுதினேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் வைத்து எழுதினேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

ஐந்தாம் நாள் செர்காம் கடற்கரையில் மீன்பிடிக்கப் போன மலாய்க்காரர்கள் கண்டல் மரங்களுக்கு இடையில் ஒரு பெண் பிணத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா போய்வந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “தமிழ்ப் பொண்ணு. முகம் தெரியல. தண்ணில விழுந்து சாவல, தலையில அடி. வயித்துல புள்ள இருந்திருக்கு. அடையாளம்னு பாத்தா இடது கையில ஒரு தேள் பச்சை, அவ்வளவுதான்.” நான் ரசம் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அது சிந்தாமல் இருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணைச் சர்க்கார் செலவில் புதைத்தார்கள். கொஞ்ச நாளில் ஸ்டேஷனில் எல்லோரும் மறந்தார்கள். அப்பா மறக்கவில்லை. மற்ற வழக்குகளையெல்லாம் பார்த்துக்கொண்டே, ஓய்வு நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். தேள் பச்சை குத்திய பெண் யாராவது காணாமல் போனாளா? எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: கூலி ஜனம், இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு ஓடிப்போவார்கள். உன் மாமாவின் தோட்டத்துக்கும் போனார். மாமாவே லயம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய், “எங்க மச்சான் கேக்குறாரு, தெரிஞ்சா சொல்லுங்க” என்றானாம். கிராணி பக்கத்தில் நிற்கும்போது யார் சொல்வார்கள்? அப்பா அதை எப்போது புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு மாமா வீட்டுக்குக் கிளம்பும்போது, “நீங்க போங்க, எனக்கு வயிறு சரியில்ல” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் வயிறுதான் காரணம். நீ அவருக்கு வயிற்றுநோய் என்றே நினைத்து வளர்ந்தாய்.

அந்த வருஷங்களில் அவர் மெலிந்தார். என்னிடம் எப்போதும்போல அன்பாகத்தான் இருந்தார். ஆனால் வழக்குகளைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அன்றைய கதையெல்லாம் வரும். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் சோறும் குழம்பும்தான் இருந்தன. சில நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தலை நிமிர்ந்தால், நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். “என்னங்க?” என்பேன். “ஒண்ணுமில்ல” என்பார். எனக்கும் வாய் வரை வந்திருக்கிறது. ஒரு தடவை “உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றே தொடங்கிவிட்டேன். அவர் கையில் இருந்த செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது. நான், “கூரை ஒழுகுது” என்றேன். அவர் செய்தித்தாளை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்து ஆட்களை ஊருக்குத் திருப்பியனுப்பிய காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். குடும்பம் குடும்பமாக மூட்டையோடு ரோட்டோரத்தில் லாரிக்குக் காத்திருப்பார்கள். அப்பா அங்கேயும் போய் நின்றார். கப்பலேறப் போகிறவர்களுக்குக் கிராணி பயம் இல்லை அல்லவா. ஒரு கிழவி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பெண்ணின் பெயர், கிராணி அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு செர்காம் பக்கம் போனது எல்லாம். ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறார். “கப்பலை விட்டுட்டா நான் எங்க சாமி போவேன்?” என்று லாரியில் ஏறிவிட்டாளாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது அவருடைய கடைசி நாட்களில்தான்.

அது ஒரு சாயங்கால நேரம். நீ மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தாய். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“அந்தத் தேள் பச்சைப் பொண்ணு பேரு என்ன?”

“பாவாயி” என்றேன்.

“ஆமா. பாவாயி.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பேரு தெரிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சு. அவ நம்ம வீட்டுக்கு வந்தது அதுக்கு முன்னாடியே தெரியும். பக்கத்து வீட்டு கார்ப்பரல் பெண்டாட்டி பாத்திமா சொன்னா. கையில தேள் இருந்த பொண்ணு ஒருத்தி உங்க வாசல்ல அழுதுக்கிட்டு நின்னாளேன்னு.”

“ஏன் என்னைக் கேக்கல?”

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கேட்டா நீ பொய் சொல்லியிருப்ப. உன்ன பொய் சொல்ல வெச்சுட்டு, அப்புறம் உன் கையால சோறு வாங்கித் தின்ன என்னால முடியாது. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

நான் அழுதேன். கடிதம் கொடுத்தனுப்பியதையும் அப்போதுதான் சொன்னேன். அது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு காலை மெதுவாக என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டார். திட்டவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார், தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். வேறு ஒன்றும் பேசவில்லை.

இருபத்தேழு வருஷம் அவர் போலீஸ் வேலை பார்த்தார். ஒரே ஒரு வழக்கில் அவர் போலீஸாக இல்லை, என் புருஷனாக இருந்துவிட்டார். என்னைச் சாட்சியாக எழுதியிருந்தால் வழக்கு கோர்ட்டில் நின்றிருக்கும். எழுதவில்லை. அது அவர் செய்த தவறு. அந்தத் தவறை அவர் செய்யும்படி வைத்தது நான். கண்ணு, நாளைக்கு உனக்கும் ஒரு வீடு வாசல் வரும். குடும்ப மானம் என்று யாராவது உன்னிடம் பேசினால், அது யாருடைய உயிருக்கு மேலே நிற்கிறது என்று முதலில் கேட்டுக்கொள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகும் மூன்று வருஷம் நான் வாய் திறக்கவில்லை. பாவாயி அடிக்கடி வருவாள். கனவில் என்று சொல்லமாட்டேன். பட்டப்பகலில், பைப்படியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது, வாசலில் செம்மண் காலோடு நிற்கிற மாதிரி இருக்கும். பயமுறுத்துவதில்லை. அய்யா வந்துட்டாருங்களா என்று கேட்கிற முகம். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது கல்யாணப் பேச்சு. உன் கடிதம் வந்ததைக் கேள்விப்பட்டு, மூன்று நாளைக்கு முன் உன் மாமா வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தான். முடி நரைத்து, உடம்பு பெருத்து, எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிற மனிதனாக இருக்கிறான். மற்றவர்கள் வெளியே போனதும், “தம்பி, பாவாயிய நெனச்சுப் பாப்பியா?” என்று கேட்டேன்.

“எந்தப் பாவாயிக்கா?”

நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. உண்மையாகவே அந்தப் பெயர் அவனுக்கு மறந்துபோயிருந்தது. செர்காம் என்று நான் சொன்ன பிறகுதான் முகம் மாறிற்று.

“அதெல்லாம் பழைய கத லா. இப்ப எதுக்கு? படகுல ஏத்தி வேற பக்கம் அனுப்பிடலாம்னுதான் கூட்டிட்டுப் போனேன். கத்துனா. கையில இருந்த கட்டையால ஒரு அடி, அவ்வளவுதான். வேணும்னா செஞ்சேன்?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீதானக்கா எழுதியனுப்புன, பாத்துக்கன்னு?” என்றான்.

அவன் பயமுறுத்துவதற்காகச் சொன்னானா, என்னையும் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்காகச் சொன்னானா தெரியாது. ஆனால் சொன்னது உண்மை. வெற்றிலைத் தட்டை எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

நேற்றுக் காலை ஜாசின் ஸ்டேஷனுக்குப் போனேன். இப்போதிருக்கும் இன்ஸ்பெக்டர் இளம் வயது மலாய்க்காரர். அப்பாவின் கீழே கான்ஸ்டபிளாக இருந்து வேலை பழகியவர். உட்காரச் சொன்னார். பாவாயி வந்தது, நான் பொய் சொல்லி அனுப்பியது, கடிதம், என் தம்பி என்னிடம் ஒப்புக்கொண்டது, எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். எழுதினார். “இத்தனை வருஷம் ஏன் சொல்லல, மக்சிக்?” என்று கேட்டார். அத்தை என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். “கூடப்பிறந்தவன்” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். வழக்கு நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது, உங்கள்மேலும் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பாவாயி செத்த சமயம் கமலத்துக்கு மூன்று வயது. அம்மாவோடு இந்தியாவுக்குப் போயிருந்தாள். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஊரார் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று, ஸ்டேஷனிலிருந்து நேராக அவளைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தபடி கேட்டாள். நான் முடித்ததும் எழுந்து உள்ளே போனாள். என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணி பஸ்ஸில் ஒரு பையோடு இங்கே வந்து இறங்கினாள்.

“அப்பாகிட்ட கேட்டேன் அத்தை. இல்லன்னு சொல்லல” என்றாள்.

சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, “அத்தானுக்கு எழுதிட்டீங்களா?” என்றாள்.

“எழுதப் போறேன்.”

“எல்லாத்தையும் எழுதுங்க. எதையும் விட்டுடாதீங்க. நான் இங்க இருக்கேன்னும் எழுதுங்க. அதுக்காக அவர் பரிதாபப்பட்டு ஒத்துக்க வேணாம்னும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயா என்பதும் உன் விருப்பம். ஒன்று மட்டும் கேட்கிறேன். முடிவு எதுவானாலும் எனக்கு எழுதாதே. கமலத்துக்கு எழுது.

அம்மா